12 போன்கள், ஒரு அப்டேட், எட்டு வாரம்

"சார், ராத்திரி தானா ரீஸ்டார்ட் ஆயிருக்கு. ஸ்கிரீனே வேற மாதிரி இருக்கு. நீங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

2024 மே மாதத்தில் ஒரு நாள், காலை ஏழரை மணிக்கு எங்கள் மூத்த டெக்னீஷியன் கூப்பிட்டுக் கேட்டது இது. நான் ஒன்றும் பண்ணவில்லை. அவர் போனில் தானியங்கி அப்டேட் சுவிட்ச் ஆனில் கிடந்திருக்கிறது. சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போனவர் எழுந்து பார்த்தபோது ஆண்ட்ராய்டு 13 போய் 14 வந்திருந்தது. எப்போது வரும் எப்போது வரும் என்று ஏழு மாதமாக நான் எதிர்பார்த்த அப்டேட். வந்த அன்று வயிற்றைக் கலக்கியது.

எங்கள் டெக்னீஷியன்கள் 12 பேர். வீடு வீடாகப் போய் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பார்கள். ஆளுக்கொரு போன், இடுப்பில் ஒரு சின்ன புளூடூத் பிரின்டர். வேலை முடிந்ததும் போனில் விவரத்தைப் போட்டு ரசீது அச்சடித்துக் கொடுப்பார்கள். ராத்திரி போன் வைஃபையில் இருக்கும்போது அன்றைய ரசீதுகள் எல்லாம் தானாக சர்வருக்குப் போய்ச் சேரும். 12 போன்களும் ஒரே மாடல், நடுத்தர விலை. எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை; எந்த நிறுவனமாக இருந்தாலும் கதை ஏறக்குறைய இதேதான்.

வாங்கியது 2022 கடைசியில். வாங்கும்போது சொன்ன வாக்கு: இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்புகள், மூன்று ஆண்டு பாதுகாப்பு பேட்ச் (ஓட்டைகளை அடைக்கும் சின்ன அப்டேட்). அந்த மூன்று ஆண்டு நாம் பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து ஓடுவதில்லை, மாடல் முதன்முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாடல் வெளியானது 2022 மார்ச். ஆகவே நாங்கள் கையில் வாங்கியபோதே ஒன்பது மாதம் கரைந்திருந்தது. இந்தக் கணக்கு பின்னால் மறுபடி வரும்.

ஏழு மாதம் எங்கே போயிற்று

ஆண்ட்ராய்டு 14-ஐ கூகுள் 2023 அக்டோபர் 4 அன்று வெளியிட்டது. கூகுளின் சொந்த பிக்சல் போன்களுக்கு அன்றே கிடைத்தது. எங்கள் கைக்கு வந்தது மே மாதம். நடுவில் என்ன நடக்கிறது?

கூகுள் மூலநிரலை வெளியிடுகிறது. சிப் செய்பவர் தன் சிப்பை இயக்கும் நிரல்களான டிரைவர்களை அதற்கேற்பத் திருத்தித் தருகிறார். போன் நிறுவனம் தன் முகப்பு, கேமரா, பேட்டரி மேலாண்மை எல்லாவற்றையும் அதன்மேல் ஏற்றுகிறது. கூகுளின் சோதனைகளில் தேற வேண்டும். சில சந்தைகளில் மொபைல் சேவை நிறுவனமும் சோதித்துத் தலையாட்ட வேண்டும். அதன்பிறகும் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ அனுப்பி, புகார் வருகிறதா என்று பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். ஒரே மாடல் வைத்திருக்கும் பக்கத்து மேஜைக்காரருக்கு வந்து நமக்கு வராமல் இருப்பது இதனால்தான்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதை முடிந்தது. 2011 நவம்பரில் வந்த கேலக்ஸி நெக்சஸ், கூகுள் தன் பெயரைச் சொல்லியே விற்ற போன். அதில் இருந்தது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப். அந்த நிறுவனம் 2012-ல் மொபைல் சிப் தொழிலிலிருந்து விலக முடிவெடுத்தது. 2013 அக்டோபர் கடைசியில் கிட்கேட் (ஆண்ட்ராய்டு 4.4) வந்தபோது, அப்டேட்டுக்கான 18 மாத வரம்பு தாண்டிவிட்டது என்று சொல்லி அந்த போனை விட்டுவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்னாப்டிராகன் 801 சிப். அந்தச் சிப் இருந்த சோனி எக்ஸ்பீரியா இசட்3, 2016-ல் ஆண்ட்ராய்டு 7-இன் முன்னோட்டத்திலேயே சேர்க்கப்பட்டிருந்தது. இறுதிப் பதிப்பு வந்தபோது அது பட்டியலில் இல்லை. அதே சிப்புடன் 2015 கடைசியில் வந்தது ஃபேர்ஃபோன் 2. சிப் நிறுவனமான குவால்காம் ஆண்ட்ராய்டு 6-ஓடு அந்தச் சிப்பைக் கைவிட்ட பிறகும், ஃபேர்ஃபோன் என்ற சின்ன நிறுவனம் தானே முட்டி மோதி 2021-ல் ஆண்ட்ராய்டு 9-ஐயும் 2022-ல் 10-ஐயும் கொண்டுவந்து சேர்த்தது. முடியாது என்பதற்கும் கட்டுப்படியாகாது என்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. கூடவே, ஃபேர்ஃபோனின் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது கூகுள் 11-இல் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2017-ல் ஆண்ட்ராய்டு 8-உடன் கூகுள் கொண்டுவந்த டிரெபிள் திட்டம் இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கப் பார்த்தது. சிப் சார்ந்த பகுதியை ஒரு பக்கமும் ஆண்ட்ராய்டை மறுபக்கமும் பிரித்து, நடுவில் மாறாத இணைப்பு ஒன்றை வைத்தார்கள். கீழ்ப்பகுதியைத் தொடாமலே மேல்பகுதியை மாற்றலாம். 2020 டிசம்பரில் குவால்காம், ஸ்னாப்டிராகன் 888 தொடங்கி மூன்று பதிப்பு, நான்கு ஆண்டு பேட்ச்சுக்கு ஆதரவு தருவதாக அறிவித்தது இதன் தொடர்ச்சிதான். இன்றைக்கு ஏழு ஆண்டு வாக்குறுதிகள் கிடைக்கின்றன என்றால் அஸ்திவாரம் அங்கே போட்டது.

ஆனால் ஆண்டுக்கணக்கு நீண்டதே தவிர, காத்திருப்பு அதே அளவுக்குக் குறையவில்லை. ஆண்ட்ராய்டு 15-இன் மூலநிரல் 2024 செப்டம்பர் 3 அன்றே வெளியானது. சாம்சங்கின் முதன்மை போனான கேலக்ஸி எஸ்24-க்கு அது ஒன் யுஐ 7-ஆக (சாம்சங் தன் முகப்போடு தரும் பதிப்பு) வந்து சேர்ந்தது 2025 ஏப்ரல் 7 அன்று. நடுவே பிப்ரவரியில், புதிய எஸ்25 அதே மென்பொருளுடன் கடைக்கு வந்துவிட்டது. அதே 2025-ல் ஆண்ட்ராய்டு 16 ஜூனில் வெளியாகி, எஸ்25-க்குச் செப்டம்பரில் கிடைத்தது. ஏழு மாதம் மூன்றாகச் சுருங்கியது. ஆக வேகமாகச் செய்ய முடியும். எந்த ஆண்டு எதற்கு முதலிடம் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. நடுத்தர விலை மாடல்கள் அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் போனைப் பற்றி எனக்கு ஒரு தடயம் கிடைத்தது. மே மாதம் வந்த அப்டேட்டில் பாதுகாப்பு பேட்ச் தேதி 2024 மார்ச் 5 என்று இருந்தது. மார்ச் மாதமே சமைத்து இறக்கிவிட்டார்கள். மீதி இரண்டு மாதம் சோதனையிலும் படிப்படி விநியோகத்திலும் போயிருக்கிறது. தாமதம் முழுவதும் சோம்பல் அல்ல.

ஒரு போன் சோதனை எலியானது

முதல் நாள் புகார்: போன் சுடுகிறது, மந்தமாக இருக்கிறது. இதற்கு நான் பயப்படவில்லை. பதிப்பு மாறியதும் ஆண்ட்ராய்டு ஆப்களை எல்லாம் மறுபடி தொகுக்கும், புகைப்படங்களைத் திரும்ப அட்டவணைப்படுத்தும். சார்ஜில் சும்மா கிடக்கும்போது அந்த வேலை நடக்கும். இரண்டு மூன்று ராத்திரியில் சரியாகிவிடும், ஆயிற்று. "அப்டேட் போட்டதும் போன் ஸ்லோ ஆகிவிட்டது" என்று முதல் நாளே தீர்ப்பு எழுதுபவர்கள் ஒரு வாரம் பொறுத்துவிட்டு எழுதலாம்.

ஐந்தாவது நாள்தான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள்: "அவர் இந்த வாரம் லீவா?" லீவு இல்லை. சர்வரில் அவருடைய ரசீது ஒன்றுகூட இல்லை. போனை வாங்கிப் பார்த்தேன். 31 ரசீதுகள் உள்ளேயே உட்கார்ந்திருந்தன. ராத்திரி சின்க் ஓடவே இல்லை. எங்கள் ஆப்பை பேட்டரி சேமிப்பு கட்டுப்படுத்தக் கூடாது என்று 2022-ல் ஒவ்வொரு போனிலும் நான் போட்டு வைத்திருந்த விலக்கு, பதிப்பு மாறியபோது துடைத்துப் போயிருந்தது. போன் நிறுவனத்தின் பேட்டரி மேலாளர் எங்கள் ஆப்பை யாரோ அந்நியன் என்று நினைத்து ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் உறங்க வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் இரண்டு நிமிட வேலை. எந்தப் பிழைச் செய்தியும் வராதது மட்டும்தான் கொடுமை. ஆப் திறந்தால் திறக்கிறது, ரசீது அச்சாகிறது, எல்லாம் நன்றாக இருப்பதுபோல் இருக்கிறது.

புளூடூத்திலும் ஒரு சில்லறைத் தொந்தரவு இருந்தது. பத்து ரசீதுக்கு ஒருமுறை பிரின்டர் இணைப்பு விட்டுப் போகும்.

இங்கேதான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். ரசீதுகளை மீட்டுக்கொண்ட பிறகு, சுத்தமாக ஆரம்பிக்கலாமே என்று போனை ஃபேக்டரி ரீசெட் செய்தேன். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பிறகு ரீசெட் நல்லது என்பது எங்கள் தொழிலில் வாய்வழி மரபு. ரீசெட் முடிந்து ஆப்களைப் போட்டால், பிரின்டரின் துணை ஆப் மட்டும் ஏற மறுத்தது. அது பிரின்டருடன் வந்த பழைய ஆப். பிளே ஸ்டோரில் கிடையாது. ஃபைலாக வைத்திருந்து ஒவ்வொரு போனிலும் நானே நிறுவியது.

காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஆண்ட்ராய்டு 6-க்கும் முந்தைய பதிப்பைக் குறிவைத்து எழுதப்பட்ட ஆப்களை ஆண்ட்ராய்டு 14 புதிதாக நிறுவ விடாது. அனுமதி கேட்டுப் பெறும் முறை 6-இல்தான் வந்தது. அதைத் தவிர்ப்பதற்காகவே தீய ஆப்கள் பழைய பதிப்பைக் குறிவைத்துக்கொள்கின்றன என்பதால் இந்தத் தடை. நியாயமான தடைதான். ஏற்கெனவே நிறுவியிருந்த ஆப் அப்டேட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். அதாவது, ரீசெட் செய்யும்வரை அந்த போனில் பிரின்டர் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கெடுத்தது அப்டேட் அல்ல, நான்.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா? எங்கள் போனில் வழி இல்லை. இது பொதுவான போக்கும்கூட. 2022-ல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசையில் பூட்லோடரின் (போன் எழும்போது முதலில் ஓடும் நிரல்) பழைய பதிப்பையே தடுத்து, 12-க்குத் திரும்ப முடியாதபடி செய்தார்கள். பழைய பூட்லோடரில் இருந்த ஓட்டையைத் தாக்குபவர் மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பதற்காக. ஐபோனில் ஆப்பிள் பழைய பதிப்புக்குக் கையொப்பமிடுவதை (அதை நிறுவ அனுமதிப்பதை) நிறுத்திவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். முன்னே போனால் போனதுதான் என்று எடுத்துக்கொண்டு முடிவெடுப்பது நல்லது.

கடைசியில் கூகுளே டெவலப்பர்களுக்காக விட்டு வைத்திருந்த பின்வாசல் ஒன்று கை கொடுத்தது. போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, ஏடிபி என்ற கருவியின் கட்டளையோடு ஒரு விலக்குச் சொல்லையும் சேர்த்தால் அந்தப் பழைய ஆப்பை ஏற்றிவிடலாம். ஏற்றினேன், அச்சடித்தது. ஆனால் களத்தில் இருக்கும் 12 பேருக்கு இது தீர்வா? ஒவ்வொரு முறையும் நானும் கேபிளும் ஓட வேண்டும்.

மீதி 11 போன்கள்

இப்போது நிஜமான கேள்வி. மற்ற 11 போன்களில் அப்டேட் அறிவிப்பு நின்றுகொண்டிருக்கிறது. போடுவதா, நிறுத்தி வைப்பதா?

முதல் வேலையாக டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள தானியங்கி அப்டேட்டை எல்லா போனிலும் அணைத்தேன். பிறகு யோசிக்க உட்கார்ந்தபோது புரிந்தது: அப்டேட் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு சரக்குகளை. பதிப்பு மாற்றம் ஒன்று; அதற்கு அவசரமே இல்லை. புது ஐகான் அடுத்த மாதம் வந்தால் குடி முழுகாது. பாதுகாப்பு பேட்ச் இன்னொன்று. அதன் நிலைமை வேறு. தொல்லை என்னவென்றால், ஒரு மாடலுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டால் பழைய பதிப்புக்கான பேட்ச்சை நிறுவனங்கள் பெரும்பாலும் நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். மூட்டையை வேண்டாம் என்றால் பேட்ச்சும் இல்லை. எங்கள் 11 போன்களும் 2023 டிசம்பர் பேட்ச்சில் நின்றுவிட்டன.

பேட்ச் தாமதம் வெறும் கோட்பாடு அல்ல. எங்கள் போனில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி ஆர்ம் நிறுவனத்தின் மாலி. 2022-ல் மாலி டிரைவரில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு கண்டுபிடித்த ஓட்டைகளை ஆர்ம் ஜூலை, ஆகஸ்டில் அடைத்துத் தீர்வையும் வெளியிட்டது. நவம்பரில் அதே குழு சோதித்த போன்களில் அந்தத் தீர்வு இன்னும் வந்து சேரவில்லை. தீர்வு வெளியாகிவிட்டால் ஓட்டை எங்கே என்று எல்லாருக்கும் தெரியும். போனில் மட்டும் அது திறந்தே கிடக்கும். 2023 அக்டோபர் பேட்ச்சில் இன்னொரு மாலி ஓட்டையும், வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் நிரலில் ஓர் ஓட்டையும் அடைக்கப்பட்டன. இரண்டும் குறிப்பிட்ட சிலர் மீது ஏவப்பட்டிருக்கலாம் என்று கூகுளே எச்சரித்தது. வெப்பி ஓட்டையின் குரோம் பகுதி பிளே ஸ்டோர் வழியாகச் சட்டென்று சரியானது. டிரைவர் அப்படி வராது. போன் நிறுவனம்தான் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு பேட்ச் தரும் எங்கள் போனுக்கு அது டிசம்பர் பேட்ச்சாக ஜனவரியில் வந்தது.

மறுபக்கத்தில், முதல் நாளே பாய்ந்தவர்கள் பட்ட பாடும் பதிவில் இருக்கிறது. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 போட்ட ஐபோன் 6 காரர்களுக்கு சிக்னலும் கைரேகையும் போயின. ஆப்பிள் சற்று நேரத்தில் அதைத் திரும்பப் பெற்று மறுநாள் 8.0.2 விட்டது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 போட்ட பிக்சல்களில், ஒன்றுக்கு மேற்பட்ட பயனர் கணக்கு வைத்திருந்த சிலருக்குத் தங்கள் சேமிப்பகமே திறக்கவில்லை. வேகமாகக் கிடைக்கும் போனிலும் முதல் கட்டு (ஒரு பதிப்பின் முதலில் வெளிவரும் வடிவம்) முதல் கட்டுதான்.

ஆக முடிவு இப்படி ஆயிற்று: பதிப்பின் முதல் கட்டைத் தவிர்ப்போம், ஆனால் அடுத்த பேட்ச்சோடு வரும் கட்டைத் தாண்டிக் காத்திருக்க மாட்டோம். எங்கள் டெக்னீஷியன்கள் உளவுத் தாக்குதலுக்கு இலக்காகக்கூடியவர்கள் இல்லை. அந்த போன்களில் வங்கி ஆப் கிடையாது. பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் அவர்கள் நிறுவுவதில்லை. அந்த நிலையில் சில வாரம் தாங்கும் என்று கணித்தேன். என் சொந்த போனாக இருந்திருந்தால், பணமும் கடவுச்சொல்லும் அதில் இருப்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் பொறுத்திருக்க மாட்டேன். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது மூன்று வாரம். ஆனது எட்டு.

ஜூலை முதல் வாரம் ஜூன் பேட்ச்சுடன் இரண்டாவது கட்டு வந்தது. மாற்றப் பட்டியலில் "புளூடூத் நிலைத்தன்மை மேம்பாடு" என்று ஒற்றை வரி. சோதனை போனில் போட்டு நான்கு நாள் ஓட்டினோம்; பிரின்டர் ஒருமுறைகூட விடவில்லை. பிறகு ஒரு நாளைக்கு மூன்று போனாக, நான் பக்கத்தில் இருக்க, மாலையில் போட்டோம். ஒவ்வொன்றிலும் போடுவதற்கு முன்னால் ரசீதுகள் சர்வருக்குப் போய்விட்டனவா என்று பார்ப்பது, போட்ட பிறகு பேட்டரி விலக்கைத் திரும்பக் கொடுப்பது, ஒரு மாதிரி ரசீது அச்சடிப்பது. அவ்வளவுதான். ரீசெட் கிடையாது. இரண்டு போன்களில் இடம் போதாமல் அப்டேட் இறங்கவில்லை. பழைய வீடியோக்களை அழித்த பிறகு இறங்கியது. ஒருவர் மட்டும் கேமரா முன்னைவிட மங்கல் என்றார். லென்ஸைத் துடைத்துக் கொடுத்தேன்.

போனையே மாற்றுவது எப்போது

2025 மார்ச்சில் மூன்று ஆண்டு முடிந்து பேட்ச் நின்றது. போன்கள் நன்றாகத்தான் இருந்தன. பேட்டரி இன்னும் ஓராண்டு தாங்கும். இரண்டு மாதம் இழுத்தோம், பிறகு மாற்றினோம். வன்பொருள் செத்துப் போவதற்கு முன்பே மென்பொருள் காலாவதியாவதில் எனக்கு எரிச்சல்தான். ஆனால் வாடிக்கையாளர்களின் முகவரியும் எண்ணும் உள்ள போன் இணையத்தில் பேட்ச் இல்லாமல் திரிவதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

புதிதாக வாங்கும்போது நான் பார்த்தது பதிப்பு எண்ணை அல்ல, மாடல் வெளியான தேதியை. அதிலிருந்து ஆதரவு ஆண்டுகளை எண்ணி, நாங்கள் வாங்கும் நாளில் எத்தனை மாதம் மிச்சம் என்று கணக்கிட்டு, விலையை அந்த மாதங்களால் வகுத்தேன். தள்ளுபடியில் கிடைத்த இரண்டு ஆண்டுப் பழைய மாடல் இந்தக் கணக்கில் தோற்றுப் போனது. 2023-ல் பிக்சல் 8-உம் 2024-ல் கேலக்ஸி எஸ்24-உம் ஏழு ஆண்டு என்று அறிவித்தவை. விலை குறைந்த கேலக்ஸி ஏ16-க்கே ஆறு ஆண்டு. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதிகள், அப்டேட் தர வேண்டிய ஐந்தாண்டைக் கணக்கிடுவது மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து. மூலநிரல் வெளியான பின் பாதுகாப்பு அப்டேட்டை நான்கு மாதத்துக்குள்ளும், வசதி அப்டேட்டை ஆறு மாதத்துக்குள்ளும் தர வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. 2022-ல் நாங்கள் இழந்த ஒன்பது மாதத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

பிரின்டரின் பழைய துணை ஆப் புதிய போன்களில் நேராக ஏறாது; பிரின்டர்களையும் ஒரேயடியாக மாற்ற முடியவில்லை. அதனால் பழைய போன்களில் நான்கு இன்னும் பிரின்டரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கின்றன. சிம் கிடையாது, வைஃபை கிடையாது, புதிய போன் அனுப்பும் ரசீதை புளூடூத்தில் வாங்கி அச்சடிப்பது மட்டும்தான். முதுகில் மார்க்கரால் எழுதி டேப் ஒட்டியிருக்கிறேன்: ரீசெட் செய்யாதீர்கள். அதற்குக் கீழே அந்த மூத்த டெக்னீஷியன் தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறார்: சார் உட்பட.